31 ஃபோல்டர்களில் ஒரே பிழை

கேள்வி: எனக்கு வயது 26. பட்டர்வொர்த்திலிருந்து தினமும் ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுனுக்கு வேலைக்குப் போகிறேன். சின்னக் கம்பெனி, நாலு பேர்தான். உணவகம், ஹோட்டல், துணிக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்து விற்கிறோம். புது வாடிக்கையாளர் வந்தால் பழைய வாடிக்கையாளரின் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து, பெயரையும் லோகோவையும் மாற்றிக் கொடுத்துவிடுவோம். இப்போது 31 ஃபோல்டர்கள் சேர்ந்துவிட்டன. போன மாதம் ஒரு ஹோட்டலுக்கு ஒரு பிழையைச் சரிசெய்து கொடுத்தேன். இரண்டு வாரத்தில் அதே பிழைக்காக இன்னொரு ஹோட்டல்காரர் போன் போட்டுத் திட்டுகிறார். எல்லாவற்றையும் தூக்கிப்போட்டு ஒன்றாகப் புதிதாக எழுதலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். “இந்த காப்பி பேஸ்ட்தான் பத்து வருஷமா நமக்குச் சோறு போடுது, காலேஜ் பாடத்தை இங்க நடத்தாதே” என்கிறார். அக்காவோ, வேலையை விட்டுவிட்டு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் தேடு என்கிறாள். நான் கேட்டது தப்பா?
பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, கேட்டது தப்பில்லை, கேட்ட அளவுதான் பெரிது. 31 ஃபோல்டர்களையும் தூக்கிப்போட்டு மறுபடி எழுத நாலு பேர் கம்பெனிக்குத் தெம்பு கிடையாது. பாதி வழியில் நின்றால் பழையதும் புதியதுமாக இரண்டு தொகுப்புகளைக் கட்டிக் காக்க வேண்டியிருக்கும். முதலாளியும் பொய் சொல்லவில்லை. காப்பி எடுத்ததால்தான் புது வாடிக்கையாளருக்கு இரண்டு நாளில் பில் போட்டுக் காட்ட முடிந்தது, செக் வந்தது.

தொல்லை காப்பி எடுத்த அன்று வருவதில்லை. அன்றைக்கு இரண்டு ஃபோல்டரும் ஒன்றுதான். அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர், ஒவ்வொரு அவசரத்தில் தொடுகிறார்கள். உங்கள் முதலாளி சொன்ன அந்தப் பத்து வருடத்தையே எடுத்துக்கொள்வோம். 2015 ஏப்ரல் 1இல் மலேசியாவில் 6 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்ற பொருள், சேவை வரி வந்தது. 2018 ஜூன் 1இல் அது பூஜ்ஜியம் ஆனது. மூன்றே மாதத்தில், செப்டம்பர் 1இல், விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பி வந்தன. 2024 மார்ச் 1இல் சேவை வரி 8 விழுக்காடானது, ஆனால் சாப்பாடு போன்ற சிலவற்றுக்குப் பழைய 6 அப்படியே நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை மின்னணு முறையில் வரித்துறைக்கு அனுப்புவது, தொடங்கியது. அதுவும் எல்லாருக்கும் ஒரே நாளில் இல்லை. ஆண்டு வருமானம் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் உள்ளவர்கள் முதலில், இரண்டரைக் கோடிக்கு மேல் உள்ளவர்கள் 2025 ஜனவரியில், அடுத்த கட்டத்தினர் ஜூலையில் என்று படிப்படியாக.

இத்தனை மாற்றங்களும் உங்கள் ஃபோல்டர்களுக்குள் எப்படிப் போயிருக்கும்? எந்த வாடிக்கையாளர் முதலில் சத்தம் போட்டாரோ அவருடையதில் முதலில் போயிருக்கும். அன்று யாருக்கு நேரம் இருந்ததோ அவர் செய்திருப்பார். சில துணிக்கடை ஃபோல்டர்களில் ஜி.எஸ்.டி. கணக்கு இன்னும் உயிரோடு இருந்து, 0.00 என்று ஒரு வரியை யாருக்கும் காட்டாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் எனக்கு ஆச்சரியமே இல்லை. விற்பனை வரி தயாரிப்பவரிடமும் இறக்குமதியாளரிடமும் வாங்கப்படுவது. சில்லறைத் துணிக்கடை பில்லில் அதற்கு வேலையே கிடையாது. ஆனாலும் “ஓடுகிறதே, ஏன் தொடணும்” என்று விட்டிருப்பார்கள்.

இதை ஆராய்ந்தவர்கள் கோட் நகல்களை நாலு வகையாகப் பிரிப்பார்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பது ஒன்று. கோடில் மதிப்புகளை வைத்திருக்கும் மாறிகளின் பெயர் மட்டும் வேறாக இருப்பது இன்னொன்று. நடுவில் சில வரிகள் கூடியோ குறைந்தோ இருப்பது மூன்றாவது. எழுதிய விதம் வேறாக இருந்து, செய்யும் வேலை மட்டும் ஒன்றாக இருப்பது நாலாவது. உங்களைத் திட்டு வாங்க வைத்தது மூன்றாவது வகை. கூடிய அந்த இரண்டு வரி அந்த வாடிக்கையாளர் கேட்டு வாங்கிய வசதியா, இல்லை மற்ற 30இல் போட மறந்த திருத்தமா என்று கோடைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2009இல் இதைத்தான் பார்த்தது. நிஜமாகப் புழக்கத்தில் இருந்த மென்பொருள்களில், நகல்களுக்கு இடையே இருந்த வித்தியாசங்களை எடுத்து, அவற்றைப் பராமரிப்பவர்களிடமே காட்டி, தெரிந்து செய்ததா என்று கேட்டார்கள். தெரியாமல் விட்டுப்போன வித்தியாசங்களில் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று பிழையாக இருந்தது. முதலாளியிடம் ஒரே ஒரு ஆராய்ச்சியைச் சொல்வதென்றால் இதைச் சொல்லுங்கள்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே வந்து உலகமே கடவுச்சொல் மாற்றியது ஞாபகம் இருக்கலாம். இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருள் நூலகத்தில், எதிர்முனையில் இருப்பவர் சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமலே நம்பியதுதான் காரணம். அந்த வேலையைச் செய்யும் ஃபங்ஷன் என்ற கோட் பகுதி, டிஎல்எஸ், டிடிஎல்எஸ் என்ற இரண்டு பாதுகாப்பு நெறிமுறைகளுக்கும் தனித்தனியாக இரண்டு கோப்புகளில் ஏறக்குறைய அச்சாக இருந்தது, தப்போடு சேர்த்து. திருத்தியவர்கள் இரண்டு கோப்பையும் ஒரே திருத்தத்தில் தொட்டார்கள். இரண்டு பக்கத்துக் கோப்புகள் என்பதால் கண்ணில் பட்டது. உங்களுக்கு 31 இடங்கள், பக்கத்திலும் இல்லை.

சரி, அப்படியானால் ஒரே மாதிரி இருப்பதையெல்லாம் ஒன்றாக்கிவிடலாமா? இங்கேதான் உங்கள் வயதுக்காரர்கள் சறுக்குகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

2018 செப்டம்பர் முதல் 2024 பிப்ரவரி வரை ஹோட்டல் அறைக்கும் சேவை வரி 6, சாப்பாட்டுக்கும் 6. அந்தக் காலத்தில் சுத்தமாகக் கோட் எழுத நினைத்த ஒருவர், இரண்டு இடத்தில் ஏன் 6 என்று ‘சேவை வரி’ என ஒரே மாறியில் வைத்திருப்பார். பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். 2024 மார்ச் 1 வந்ததும் அறை 8, அதே ஹோட்டலின் உணவகத்தில் சாப்பாடு 6. அந்த ஒரு மாறியை மாற்றியவர் மதிய நாசி கண்டாருக்கும் 8 வாங்கிவிடுவார். எண் ஒன்றாக இருந்தது தற்செயல். இரண்டும் மாறுவதற்கான காரணம் முதலிலிருந்தே வேறு.

ரவுண்டிங் இதற்கு நேர்மாறு. ஒரு சென் நாணயம் வெளியிடுவதை நிறுத்திவிட்டு, 2008 ஏப்ரல் 1 முதல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா கொண்டு வந்த விதி அது. ரொக்கமாக வாங்கும்போது மொத்தத் தொகையை அருகில் உள்ள 5 சென்னுக்குக் கொண்டு போக வேண்டும். கடைசி இலக்கம் 1, 2, 6, 7 என்றால் கீழே, 3, 4, 8, 9 என்றால் மேலே. உங்கள் ஃபோல்டர்களைத் திறந்து பாருங்கள், இதை அஞ்சாறு விதமாக எழுதியிருப்பார்கள். ஒருவர் மொத்தத்தை ரவுண்ட் செய்திருப்பார், இன்னொருவர் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக. 4.03 ரிங்கிட் பொருள் மூன்று வாங்கினால் மொத்தம் 12.09, ரவுண்ட் செய்தால் 12.10. பொருளுக்குப் பொருள் ரவுண்ட் செய்தால் 12.15. ஐந்து சென்தானே என்று விடலாம், ஆனால் மாதக் கடைசியில் கணக்காளர் விடமாட்டார். கோட் பார்க்க வேறு வேறாக இருந்தாலும் விதி நாட்டுக்கே ஒன்று. அது மாறினால் எல்லாருக்கும் ஒரே நாளில் மாறும்.

அதனால் கோடின் முகஜாடையைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். இது மாறினால் அதுவும் மாறியே ஆக வேண்டுமா என்று கேட்டு, ஆமாம் என்றால் மட்டும் சேருங்கள். ரவுண்டிங், வரிக் கணக்கு, இ-இன்வாய்ஸ் அனுப்புவது மூன்றும் ஆமாம். பில்லின் அச்சு வடிவம், மெனு திரை, கடைக்காரர் ஆசைப்பட்டுக் கேட்ட அறிக்கைகள் இவை காப்பியாகவே கிடக்கட்டும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2006இல் செய்த ஆய்வு ஒன்றும், காப்பி எடுப்பது பல நேரம் நியாயமான முடிவுதான் என்று காட்டியது. எல்லாவற்றையும் ஒரே ஃபங்ஷனுக்குள் திணித்து, இந்தக் கடை என்றால் இப்படி, அந்தக் கடை என்றால் அப்படி என்று 31 ‘இஃப்’ போட்டால், ஒரு கடைக்காகத் தொட்டது இன்னொரு கடையில் வெடிக்கும். அதற்கு 31 ஃபோல்டர்களே மேல்.

இனி வேலை. ஃபோல்டர்கள் ‘கிட்’ என்ற, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவியில் இல்லையென்றால் முதலில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி கிட்டில் ஏற்றுங்கள், ஒரு வரிகூடத் திருத்தாமல். பிறகு பிஎம்டி என்ற இலவசக் கருவியோடு வரும் சிபிடி-யையோ, ஜேஎஸ்சிபிடி-யையோ ஓட்டுங்கள். கோடைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்து, நீளமாக ஒத்துப்போகும் இடங்களைக் காட்டும். நடுவில் வரி கூடிக் குறைந்த இடத்தில் அது தொடர்ச்சியை விட்டுவிடும். ஆகவே வரிக் கணக்கு உள்ள கோப்புகளை மட்டும் ஒன்றோடொன்று டிஃப் போட்டு, அதாவது வித்தியாசமான வரிகளைக் காட்டச் சொல்லி, நீங்களே கண்ணால் பார்த்துவிடுங்கள். அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை.

எதையும் சேர்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வாடிக்கையாளரின் ஒரு மாதத்து நிஜ பில்களை எடுத்து வையுங்கள். புது ரவுண்டிங் கோடில் அதே பொருள்களைப் போட்டு, சென் பிசகாமல் பழைய மொத்தம் வருகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். வரவில்லையென்றால் உங்கள் கோட் தப்பாக இருக்கலாம், பழையது இத்தனை நாளும் தப்பாக இருந்திருக்கலாம். இரண்டாவது என்றால் சத்தமில்லாமல் திருத்திவிடாதீர்கள். அந்தக் கணக்கை வைத்து அவர் சுங்கத்துறைக்கு வரி கட்டியிருப்பார். முதலாளியிடம் சொல்லி, அவர் வாடிக்கையாளரிடம் பேசட்டும்.

ரவுண்டிங்கில் தொடங்குங்கள், சின்னது, சண்டை வராது. அடுத்து வரி. விகிதத்தைக் கோடுக்குள் எழுதாமல் ஒரு அட்டவணையில் வையுங்கள்: என்ன சேவை, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை விழுக்காடு. தேதி முக்கியம். 2024 பிப்ரவரி 29இல் போட்ட அறை பில்லைப் பிற்பாடு எடுத்து மறுபடி அச்சடித்தால் 6தான் வர வேண்டும். சேவை வரியே வாங்காத வாடிக்கையாளருக்கும் அட்டவணையில் இடம் வேண்டும். ஆண்டு விற்பனை 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாத உணவகம் அந்த வரியை வசூலிக்க வேண்டியதில்லை. இன்று தாண்டாதவர் அடுத்த வருடம் தாண்டலாம். அப்போது நீங்கள் கோடைத் தொடவே கூடாது.

இதற்கெல்லாம் முதலாளி தலையாட்ட வேண்டுமே என்பீர்கள். அவரிடம் சுத்தமான கோட் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். இன்றிலிருந்து, ஒரு பிழையைத் திருத்தினால் எத்தனை ஃபோல்டர்களில் திருத்தினீர்கள், எத்தனை மணி நேரம் ஆனது, எதில் விட்டுப்போய்த் திரும்பப் போனீர்கள் என்று ஒரு எக்செல்லில் போட்டு வாருங்கள். இரண்டு மாதம் கழித்து, “பாஸ், இவ்வளவு நேரத்துக்கு நாம யாருக்கும் பில் போட முடியல” என்று காட்டுங்கள். பத்து வருடம் கடை நடத்தியவருக்கு அந்தக் கணக்கு புரியாமல் போகாது. அதோடு ஒரே ஒரு அனுமதி மட்டும் கேளுங்கள்: 32ஆவது வாடிக்கையாளருக்குப் புது ஃபோல்டர் வேண்டாம், ஏற்கெனவே உள்ள நல்ல ஃபோல்டர் ஒன்றை எடுத்து, பெயர், லோகோ, வரி வகை மூன்றையும் அமைப்புக் கோப்பில் வைத்து ஓட்டிப் பார்க்கிறேன் என்று. மற்ற 30ஐயும் தொடவில்லை என்பதால் ஒத்துக்கொள்வார். செயற்கை நுண்ணறிவு உதவியாளர் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதையும் கவனியுங்கள். ஏற்கெனவே இருக்கும் ஃபங்ஷனைத் தேடாமல், அதே வேலைக்குப் புதிதாக ஒன்றை எழுதிக் கொடுப்பதில் அது உங்கள் முதலாளியைவிட வேகம்.

அக்கா சொன்னது பற்றி. சம்பளத்துக்காகவோ, ஃபெர்ரிக்கு நின்று அலுத்தோ போவதென்றால் தாராளமாகப் போங்கள். காப்பி கோட் இல்லாத இடம் தேடிப் போகிறேன் என்றால், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலும் அது இருக்கும். அங்கே அதைத் தொட நாலு கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இங்கே ஆறு மாதம் இருந்து ரவுண்டிங்கையும் வரியையும் ஒன்றாக்கி முடித்தால், அடுத்த நேர்காணலில் சொல்ல உங்களிடம் ஒரு விஷயம் இருக்கும்.

இரண்டாவது ஹோட்டல்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்றால், அவருடையதை மட்டும் திருத்தி அனுப்பாமல், அதே கோட் வேறு எந்த ஹோட்டல் ஃபோல்டர்களில் இருக்கிறது என்று முதலில் தேடி எடுத்துவிடுங்கள். மூன்றாவது போன் வருவதற்குள் நீங்களே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம்.