தம்பி போன்ல ஓடற 'படை' வீடியோவும் மண்ணடி ஏஜென்ட்டும்: ரஷ்யாவுக்கு அனுப்பலாமா?

கேள்வி: நாங்க புது வண்ணாரப்பேட்டை. தம்பி ஐடிஐ முடிச்சிட்டு மணலில கான்ட்ராக்ட் வேலை. மண்ணடில ஒரு ஏஜென்ட் ரஷ்யால செக்யூரிட்டி ஹெல்பர் வேலை, மாசம் 2 லட்சம்ங்கறார். இவன் டெலிகிராம்ல வாக்னர், ருசிச்னு வீடியோவா பார்த்துட்டு, "இது ராணுவம் இல்லக்கா, தனியார் கம்பெனி, புடிக்கலன்னா திரும்பிடலாம்"ங்கறான். அனுப்பலாமா?

பதில்: வேணாம்மா, அனுப்பாதீங்க. ஏன்னு சொல்றேன், தம்பியையும் பக்கத்துல உட்கார வச்சு படிங்க.

வாக்னர்ங்கறது ரஷ்யாவோட தனியார் கூலிப்படை, அதை நடத்தினது யெவ்கெனி பிரிகோஷின். பேரு வந்தது திமித்ரி உத்கின்ங்கற தளபதியோட ரேடியோ பேர்ல இருந்து, அது ஹிட்லருக்கு ரொம்பப் புடிச்ச இசையமைப்பாளர் பேரு, உத்கின் உடம்புல ஹிட்லரோட நாஜிப் படையான எஸ்எஸ் சின்னம் பச்சை குத்தியிருக்கற போட்டோவும் வெளிவந்துச்சு. 2023 ஜூன்ல இந்தப் படை கலகம் பண்ணி மாஸ்கோவைப் பார்த்தே கிளம்புச்சு, ஆகஸ்ட் 23 ரெண்டு பேரும் ஒரே விமானம் விழுந்து செத்துட்டாங்க. அந்தக் கலகத்துக்கு முன்னாடியே தன்னார்வப் படைங்க எல்லாம் ஜூலை 1-க்குள்ள ராணுவ அமைச்சகத்தோட ஒப்பந்தம் போடணும்னு உத்தரவு வந்துடுச்சு. அதனால வாசல்ல எந்தப் போர்டு மாட்டியிருந்தாலும் உள்ள தம்பி கையெழுத்துப் போடப்போறது ராணுவத்துக்குத்தான்.

ருசிச் இன்னும் மோசம். 2014-ல கிழக்கு உக்ரைனோட டான்பாஸ் பகுதில ரஷ்யா பக்கம் சண்டைக்கு இறங்கின கும்பல், தலைவன் அலெக்சேய் மில்சகோவ் தான் நாஜின்னு வாய்விட்டே சொன்னவன். அவனோட சேர்ந்து அதை ஆரம்பிச்ச யான் பெத்ரோவ்ஸ்கிக்கு 2014-ல லுஹான்ஸ்க்ல பண்ண போர்க்குற்றத்துக்காக 2025 மார்ச்ல பின்லாந்து கோர்ட்டு ஆயுள் தண்டனை குடுத்துச்சு. அவங்க கொடியை தம்பி பார்த்திருப்பான், எட்டுக் கை வளைஞ்ச சக்கரம், பார்க்க நம்ம வாசல் கோலம் மாதிரி அழகாத்தான் இருக்கும், ஆனா அங்க அதைப் போட்டுக்கறவங்க வெள்ளைக்காரன் மட்டும்தான் மனுஷன்னு நம்பறவங்க, நம்ம நிறத்துல ஒருத்தன் போய் நின்னா அவங்களுக்கு என்னவா தெரிவான்னு தம்பியே யோசிக்கட்டும்.

உக்ரைன் பக்கம் இந்த மாதிரி ஆளுங்க இல்லையான்னு கேப்பான், இருக்கு. அசோவ்ங்கற படை 2014 மே மாசம் ஆண்ட்ரி பிலெட்ஸ்கி ஆரம்பிச்சது, அப்ப தீவிர வலதுசாரிங்கதான் நிறைய, கால்பந்து கேலரி ரவுடிங்களும் சேர்ந்தாங்க. அதே வருஷக் கடைசில அரசோட தேசியக் காவல் படைக்குள்ள கொண்டு வந்தாங்க, ஆளுங்களும் நிறைய மாறிட்டாங்க, ஆனா பழைய கறையைப் பத்தின சண்டை இன்னும் ஓயல. அரசாங்கங்க இந்த மாதிரி ஆளுங்களை ஏன் சேர்க்குதுன்னா, ராணுவம் தடுமாறும்போது முதல்ல ஓடி வர்றது ஏற்கனவே கூட்டமா, வெறியோட இருக்கற இவங்கதான். யூகோஸ்லாவியா உடைஞ்சப்ப அர்கான்ங்கற செர்பிய ரவுடி பெல்கிரேடோட ரெட் ஸ்டார் கால்பந்து கிளப் ரசிகருங்களை வச்சுத்தான் படை கட்டினான். நான் ஒரு படையைப் பத்திப் படிச்சா சின்னத்தை விட முதல்ல தேடறது, இவன் தப்பு பண்ணா இவனைக் கேக்க ஒரு கோர்ட்டு இருக்கா, மேல ஒரு அதிகாரி பேரு இருக்கான்னுதான்.

இப்ப ஏஜென்ட் விஷயம். தம்பி வீடியோல பார்க்கற படையில போய் சேரப்போறதில்ல, அந்த வீடியோ அவனை ஆசைகாட்டி வச்சிருக்கு, அவ்வளவுதான், மீதியை ஏஜென்ட் பார்த்துக்குவான். 2024 மார்ச்ல சிபிஐ இதே மோசடில சென்னை, மதுரை உட்பட பல ஊர்ல சோதனை போட்டுச்சு. ஹெல்பர், செக்யூரிட்டின்னு கூட்டிட்டுப் போன பசங்களை கொஞ்ச நாள் ட்ரெய்னிங் குடுத்து முன்வரிசைக்கு அனுப்பினாங்க. 2025 ஜனவரில வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்கு, ரஷ்ய ராணுவத்துல போன இந்தியருங்க 126 பேர், அதுல 12 பேர் செத்துட்டாங்க, 16 பேர் எங்கன்னே தெரியல. "புடிக்கலன்னா திரும்பிடலாம்"ங்கறதுக்கும் வழி இல்லம்மா, 2022 செப்டம்பர் உத்தரவுப்படி அங்க ராணுவ ஒப்பந்தம் தேதி முடிஞ்சாலும் தானா நீளும். இந்தியாவோட நட்பா இருக்கற நாட்டு மேல போர் செஞ்சா நம்ம குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 153-வது பிரிவுல வழக்கும் வரலாம்.

ஏஜென்ட்டைப் பார்க்கப் போனா அவர் லைசென்ஸ் நம்பரை வாங்கி வெளிநாட்டு வேலைக்கான அரசாங்க சைட்டான இ-மைக்ரேட்ல தேடிப் பாருங்க. சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதுக்கு மேல லட்சத்துல கேட்டா அங்கயே எழுந்து வந்துடுங்க. டூரிஸ்ட் விசாவுல போயிட்டு அங்க மாத்திக்கலாம்னு சொன்னாலும் அதேதான். ரஷ்ய எழுத்துல பேப்பர் குடுத்தா போன் கேமராவுல மொழிபெயர்த்துப் பாருங்க, எங்கயாவது ராணுவ அமைச்சகம்னு வந்தா கையெழுத்துப் போட வேணாம், பாஸ்போர்ட்டை யார் கையிலயும் விட வேணாம்.

ஒருவேளை இதைப் படிக்கறதுக்குள்ள கிளம்பிட்டான்னா, பாஸ்போர்ட் காப்பி, விசா, ஒப்பந்தத்தோட போட்டோ, கடைசியா பேசின லொகேஷன் எல்லாத்தையும் சேர்த்து மாஸ்கோ இந்தியத் தூதரகத்துக்கு மெயில் போடுங்க, வெளியுறவு அமைச்சகத்தோட 'மதத்' (MADAD) போர்ட்டல்ல புகார் பதியுங்க, அயலகத் தமிழர் நலத்துறைக்கும் அன்னைக்கே சொல்லிடுங்க. ஏஜென்ட்டோட வாட்ஸ்அப் சாட்டை மட்டும் அழிச்சிடாதீங்க, ஸ்டேஷன்ல முதல்ல அதைத்தான் கேப்பாங்க.