தொடர்ந்து நைட் ஷிப்ட் பார்த்தால் உடம்புக்கு என்ன பாதிப்பு வரும்?

நீங்கள் சின்ன வயசு, இப்போதுதான் நைட்டில் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் 19 வருடம் ரிங் பிரேமில், அதாவது நூல் நூற்கும் மெஷினில், அதைப் பார்த்துக்கொள்ளும் சைடராக இருந்தேன். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் முழு நைட். முழு நைட் என்றால் இரவு 12 முதல் காலை 8 வரை.

மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துத்தான் அது முக்கியமாக நேரம் பார்க்கிறது. உடம்பு முழு நைட்டுக்குப் பழக ஆரம்பிக்கும்போதே வாரம் முடிந்து பகல் ஷிப்ட் வந்துவிடும். அப்புறம், ராத்திரியில் இன்சுலின் பகல் போல வேலை செய்யாது. காலையில் தின்கிற அதே நாலு இட்லியை ராத்திரி 2 மணிக்குத் தின்றால் சர்க்கரை இன்னும் ஏறும். நான் தின்றது கேன்டீன் புரோட்டா. 41 வயதில் சுகர் வந்தது.

என் அப்பாவுக்கும் சுகர் உண்டு, அதனால் முழுப் பழியையும் நைட் மேல் நான் போடவில்லை. முப்பது வருடம் நைட் பார்த்தும் நன்றாக இருப்பவர்கள் இருக்கிறார்கள், அதையும் மறுக்கவில்லை. நர்ஸும் போலீஸும் நைட் பார்க்காவிட்டால் ஊர் ஓடாது என்பதும் தெரியும்.

ஆனால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டாக்டர் சீட்டில் 'காலை, சாப்பாட்டுக்கு முன்' என்று ஒரு மாத்திரை எழுதினார். நான் முழு நைட் முடித்து 9 மணிக்கு வீடு வந்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பசியில்லாததால் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். 11 மணி வாக்கில் சட்டை நனைய வேர்வை, கை நடுக்கம், பேச்சு குழறுகிறது. "ஏனுங்க, என்ன பண்ணுதுங்க?" என்று என் மனைவி பதறிப்போய் சர்க்கரைத் தண்ணியைக் கரைத்துக் கொடுத்தாள். அது இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை, போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. டாக்டரைக் குறை சொல்லவில்லை. ஷிப்ட் வேலை என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சொன்ன பிறகு நேரத்தை மாற்றி எழுதினார்.

புற்றுநோய் வருமா என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-லும், மறுபடி 2019-லும், நைட் ஷிப்ட் வேலையை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் வைத்தது. பார்க்கிற எல்லோருக்கும் வரும் என்று அதற்கு அர்த்தமில்லை.

    

சரி, உங்களுக்கு வருகிறேன். நைட் போகும் முன்பே வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள், நடுராத்திரியில் கொஞ்சமாக எடுங்கள். பகலில் தூங்கும் அறை ஜன்னலில் கனமான போர்வையைக் கட்டுங்கள். வருடம் ஒருமுறை சுகரும் பிரஷரும் பாருங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், உட்கார்ந்ததும் முதலில் உங்கள் ஷிப்ட் நேரத்தைச் சொல்லுங்கள்.