அறுபது நாள் அவகாசத்தில் அத்தானுக்குக் கொடுத்த பணம்

கேள்வி: இங்கிலாந்தில் வாடகை வீட்டில் வசிக்கிறேன். வேலை நேரம் குறைக்கப்பட்டதால் இரண்டு கிரெடிட் கார்டுகளிலும் ஒரு வங்கிக் கடனிலும் மொத்தம் 31,000 பவுண்டு நிலுவையாகிவிட்டது. கடன் ஆலோசகர் மூலம் ‘பிரீதிங் ஸ்பேஸ்’ (கடன் வசூலை அறுபது நாள் நிறுத்திவைக்கும் சட்ட அவகாசம்) கிடைத்து இன்று 19ஆம் நாள். அதற்கு முன்பு வசூல் முகவர் ஒருவர் தொலைபேசியில் என்னைத் தாங்கமுடியாதபடி அவமதித்தார். அக்காவின் கணவரிடம் வாங்கிய 10,000 பவுண்டு கைமாற்றில் 6,000ஐ என் சேமிப்பிலிருந்து 11ஆம் நாள் அனுப்பிவிட்டேன். குடும்ப விஷயம் என்பதால் ஆலோசகரிடம் சொல்லவில்லை. மீதியையும் கொடுத்து முடித்துவிட்டு, அந்த முகவர்மீது வழக்குத் தொடரலாமா?

பதில்: முதலில் வசூல் முகவரைப் பற்றி. அந்த அழைப்புகள் அவகாசம் தொடங்குவதற்கு முன்பே வந்தவை என்பதால் இத்திட்டத்தின் கீழ் அவற்றுக்குப் பரிகாரம் இல்லை. புகார் எழுதலாம், வழக்குக்குப் பணம் செலவழிக்காதீர்கள். அவகாசக் காலத்தில் கடன் கொடுத்தவர்கள் எல்லை மீறுவார்களோ என்ற அச்சமும் தேவையற்றது. 2021 மே 4 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, தடையை மீறி எடுக்கும் வசூல் நடவடிக்கை செல்லாது. மனநல நெருக்கடிக்கான அவகாசத்தில் இருந்த ஒருவரின் குடியிருப்பு விற்கப்பட்டதையே 2022இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

சட்டத்தின் பார்வையில் உங்கள் கதையில் முக்கியமானது ஒன்றே ஒன்றுதான்: 11ஆம் நாள் நீங்கள் அனுப்பிய 6,000 பவுண்டு.

1986ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தின் 340ஆம் பிரிவு, கடனைத் தீர்க்க இயலாத நிலையில் இருப்பவர் பலரில் ஒருவரை மட்டும் மேலான நிலையில் வைக்க விரும்பிப் பணம் கொடுத்தால், பின்னாளில் அவர் திவாலாகும்போது அந்தப் பணத்தை மீட்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. அந்நியருக்குக் கொடுத்திருந்தால் பின்னோக்கி ஆறு மாதம் வரைதான் பார்ப்பார்கள். நெருங்கிய உறவினர் என்றால் இரண்டு ஆண்டு, அக்காவின் கணவரும் அந்த வரையறைக்குள் வருகிறார். உறவினராக இருந்தால் அவருக்குச் சலுகை காட்டும் விருப்பம் உங்களுக்கு இருந்ததாகவே சட்டம் ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது பணம் வாங்கிய உறவினரின் பொறுப்பு. அப்போது நான் கடனைத் தீர்க்க இயலாத நிலையில் இல்லை என்று வாதாடுவதும் கடினம், ஏனெனில் கடன்களை உரிய நேரத்தில் கட்ட இயலாதவர் அல்லது இயலாமல் போகக்கூடியவர் என்று ஆலோசகர் ஏற்றுக்கொண்டதால்தான் உங்களுக்கு இந்த அவகாசமே கிடைத்தது, அந்த நாளும் பதிவாகியிருக்கிறது. உங்களைக் காப்பாற்றும் ஆவணமே இவ்விடத்தில் உங்களுக்கு எதிரான சாட்சி.

இங்கேதான் பலர் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அறுபது நாளில் எந்தக் கடனும் குறைவதில்லை. வட்டியும் கட்டணமும் வசூலும் மட்டுமே நிறுத்திவைக்கப்படுகின்றன. அவகாசம் முடிந்ததும் உங்களைப் போன்ற சொந்த வீடற்ற, வருமானம் குறைந்த ஒருவர் இயல்பாக நாடுவது, திவாலாகாமலே கடன்களைத் தள்ளுபடி செய்யும் கடன் நிவாரண ஆணை. அதற்கான கடன் உச்சவரம்பு 2024 ஜூன் 28 முதல் 50,000 பவுண்டு; கைமாற்றையும் சேர்த்து உங்கள் கடன் 41,000 என்பதால், கடன் அளவைப் பொறுத்தவரை அந்தக் கதவு திறந்தே இருந்திருக்கும். ஆனால் விண்ணப்பத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் இப்படி ஒருவருக்கு மட்டும் முன்னுரிமை காட்டியிருந்தால் அஃபிஷியல் ரிசீவர் (நொடிப்பு விவகாரங்களைக் கவனிக்கும் அரசு அதிகாரி) அந்த ஆணையை மறுக்கலாம். மறுத்துவிட்டால் மிஞ்சுவது நீண்ட தவணைத் திட்டமோ திவாலோதான்; திவாலானால் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் கடிதம் அத்தான் வீட்டுக்குப் போகும். உறவைக் காப்பாற்றக் கொடுத்த பணம் உறவினரையே வழக்கில் இழுத்துவிடும் இந்த வேடிக்கையைப் பெரும்பாலோர் எதிர்பார்ப்பதில்லை. (உறவினர் ஜாமீன் நின்ற வங்கிக் கடனை மட்டும் முந்திக் கட்டுவதும் இதே கணக்கில்தான் சேரும்.)

எனவே மீதி 4,000ஐக் கொடுக்காதீர்கள். 25ஆம் நாளுக்கும் 35ஆம் நாளுக்கும் இடையே ஆலோசகர் செய்யும் இடைக்கால மறுஆய்வுக்கு முன்பே கைமாற்றையும் 6,000 கொடுத்ததையும் அவரிடம் எழுத்தில் சொல்லுங்கள். விடுபட்ட கடனை அவர் பட்டியலில் சேர்க்க முடியும். மறைத்தது பின்னர் வெளிப்பட்டு அவகாசம் ரத்தானால், அடுத்த 12 மாதத்துக்குள் மீண்டும் கேட்க இயலாது. வாடகையும் கவுன்சில் வரியும் தவறாமல் கட்டவேண்டும், 500 பவுண்டுக்கு மேல் புதுக்கடன் கூடாது என்பவை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்து நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. அந்த 6,000ஐ அத்தானிடமிருந்து திரும்ப வாங்கி, ஆலோசகர் வழியாக நால்வருக்கும் விகிதப்படி, கடனை முழுமையாக முடித்துக்கொள்ளும் ஒரே தொகையாக முன்வையுங்கள். இதில் அத்தானுக்குச் சுமார் 1,460 பவுண்டு வரும். நூற்றுக்குப் பதினைந்துகூட இல்லாத தொகையை வங்கி ஏற்கும் என்று உறுதி சொல்லமாட்டேன். ஆனாலும் இழுபறியைவிடக் கையில் வரும் பணத்தை விரும்பும் வசூல் நிறுவனங்கள் உண்டு. ஏற்றால் ‘மீதி கோரப்படாது’ என்ற எழுத்துப்பூர்வ உறுதி வாங்காமல் ஒரு பவுண்டும் அனுப்பாதீர்கள். ஏற்காவிட்டாலும், ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டினீர்கள் என்ற குற்றச்சாட்டு வலுவிழக்கும்; அதன்பின் எந்தக் காலத்தில் நிவாரண ஆணைக்கு விண்ணப்பிப்பது என்பதை ஆலோசகரோடு முடிவு செய்யலாம்.

கைமாற்று பட்டியலில் ஏறி, அறிவிப்பும் போய்ச் சேர்ந்த பிறகு, அத்தானும் மற்ற கடன்காரர்களைப் போலவே இந்தக் காலத்தில் உங்களிடம் பணம் கேட்க முடியாது. அப்படியும் கேட்டால், ஆலோசகரின் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள்.