அந்தப் படகில் இருந்த மற்றவர்கள்

அன்புள்ள ஐயா,

பிரிட்டனின் துடுப்புப் படகு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவ் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை என் மகளிடம் கொடுத்தேன். கல்லூரியில் துடுப்புப் படகுப் போட்டிகளுக்குப் போகிறாள். ஒற்றைப் படகில் இருந்தவளை இந்த வருடம் கோச் இருவர் படகுக்கு மாற்றிவிட்டார். "இனி ஜெயித்தாலும் பாதிதான் என்னுடையது" என்று ஒரே வருத்தம். ஐந்து ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம் வாங்கியவர் கதை தெம்பு தரும் என்று நினைத்தேன். அவள் படித்துவிட்டு, "இவர் ஒரு தங்கத்தைக்கூடத் தனியாக வாங்கவில்லையே, கூட இருந்தவர்கள் பெயர் எங்கே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆர்.எஸ்., சென்னை

அன்புள்ள ஆர்.எஸ்.,

உங்கள் மகள் கேட்டது நியாயம். அந்தப் பெயர்களை விட்டது என் தவறு. இப்போது சொல்லிவிடுகிறேன்.

ரெட்கிரேவுக்கும் முதலில் ஒற்றைப் படகின் மேல்தான் ஆசை. இங்கிலாந்தில் தேம்ஸ் கரையில் மார்லோ என்ற சிற்றூரில் பிறந்தவர். அதே ஆற்றங்கரை ஊரான ஹென்லியில் நடக்கும் புகழ்பெற்ற ஒற்றைப் படகுப் போட்டியை இரண்டு முறை ஜெயித்தார். ஆனால் உலக அளவில் அது அவருக்குக் கைகூடவில்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் கிடைத்த முதல் தங்கம் நால்வர் படகில். மார்ட்டின் கிராஸ், ரிச்சர்ட் பட்ஜெட், ஆண்டி ஹோம்ஸ், சுக்கான் பிடித்த ஏட்ரியன் எலிசன் எல்லோரும் அதில் இருந்தார்கள். 1988 சியோலில் ஹோம்ஸோடு இருவர் படகு. 1992, 1996 இரண்டிலும் மேத்யூ பின்சென்ட்டோடு. 2000 சிட்னியில் பின்சென்ட், டிம் ஃபாஸ்டர், ஜேம்ஸ் கிராக்னெல் என்று மறுபடி நால்வர்.

இருவர் படகு எப்படிப்பட்டது என்று உங்கள் மகளுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். உங்களுக்காகச் சொல்கிறேன். ஒற்றைப் படகில் கைக்கு ஒன்றாக இரண்டு துடுப்பு. ரெட்கிரேவும் அவர் துணையும் வலித்த இருவர் படகில் ஆளுக்கு ஒரே ஒரு நீளத் துடுப்பு. ஒருவருக்கு இடப்பக்கம், மற்றவருக்கு வலப்பக்கம். ஒருவர் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் போதும், படகின் மூக்கு திரும்பிவிடும். திருப்பி நேராக்குவதற்குள் வேகம் போய்விடும். 2000 மீட்டர், ஆறரை நிமிடம் போல, இருநூறு தடவைக்கு மேல் இழுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு துடுப்பும் ஒன்றாகத் தண்ணீரில் விழுந்து ஒன்றாக எழ வேண்டும். பலசாலி தன் பலத்தை இஷ்டத்துக்குக் காட்ட முடியாத படகு அது. இதில் பாதி எது, யாருடையது என்று எப்படிப் பிரிப்பது?

கூட வலிப்பவர் நெருங்கிய நண்பராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஹோம்ஸுக்கும் ரெட்கிரேவுக்கும் அப்படி ஒன்றும் ஒட்டுறவு இல்லை. ஆனால் சியோலில் இருவர் படகில் தங்கம் வாங்கினார்கள். அதே வாரம், சுக்கான்காரர் உட்காரும் இருவர் படகிலும் இறங்கி வெண்கலமும் வாங்கினார்கள். அதோடு பிரிந்துவிட்டார்கள். ஹோம்ஸுக்கு விளம்பரம் பிடிக்காது, ஒதுங்கிக்கொண்டார். பல வருடம் கழித்துத் துடுப்புக்குத் திரும்பியவர், 2010இல் எலிக்காய்ச்சல் வந்து 51 வயதில் இறந்துபோனார். அசுத்தமான தண்ணீர் வழியாகத் தொற்றும் நோய் அது. இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய மனிதர். அவரை நான் ஒரு வரியில்கூடச் சொல்லாமல் விட்டது இப்போது உறுத்துகிறது.

அப்புறம் சிட்னி நால்வரில் ஒருவரான ஃபாஸ்டர். உங்கள் மகளுக்கு இவரைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பயிற்சி மெஷினில் வலித்துப் பார்த்தால் அந்த நால்வரில் இவருக்குத்தான் குறைந்த அளவு வரும். ஆனால் இவர் உட்கார்ந்தால் படகு வழுக்கிக்கொண்டு போகும். காயத்தால் இவர் விலகியிருந்தபோது எட் கூட் அந்த இடத்தில் உட்கார்ந்து 1999இல் உலகப் பட்டமும் வாங்கிக் கொடுத்தார். அப்படியும் பயிற்சியாளர் யூர்கன் க்ரோப்ளர் சிட்னிக்கு ஃபாஸ்டரைத்தான் எடுத்தார். கூட் இருவர் படகுக்குப் போய் நான்காவதாக வந்தார். எனக்கு அவரை நினைத்தால் இன்றும் பாவமாக இருக்கும். ஆனால் 2004 ஏதென்ஸில் அவரும் பின்சென்ட், கிராக்னெல், ஸ்டீவ் வில்லியம்ஸோடு நால்வர் படகில் தங்கம் வாங்கினார், கனடாவை 0.08 விநாடியில் முந்தி.

சரி, அப்படியென்றால் ரெட்கிரேவ் பெரிய ஆள் இல்லையா என்றால், என் மதிப்பில் முன்பைவிடப் பெரிய ஆள். 1992இல் பெருங்குடல் அழற்சி. 1996 முடிந்ததும், இனி என்னைப் படகுப் பக்கம் பார்த்தால் சுட்டுவிடுங்கள் என்று டிவியில் சொன்னவர், சில மாதத்தில் திரும்பி வந்தார். அடுத்த வருடம் நீரிழிவு. இன்சுலின் போட்டுக்கொண்டே மூன்று வருடம் பயிற்சி. 38 வயதில், தன்னைவிட எட்டு, பத்து வயது சின்னவர்களின் தாளத்துக்குத் தன் உடம்பைப் பொருத்திக்கொண்டார். பதினாறு வருடத்தில் யார் யாரோடோ உட்கார்ந்தார். எல்லோரோடும் படகு நேராகப் போனது. நான் முதலில் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்.

சிட்னி இறுதிப் போட்டியின் வீடியோவை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் நடந்த போட்டியில் நான்காவதாக வந்த குழு அது. கடைசி 200 மீட்டரில் இத்தாலி நெருங்கி வந்துகொண்டே இருக்கும். வித்தியாசம் 0.38 விநாடி. கோட்டைத் தாண்டியதும் ரெட்கிரேவ் அப்படியே துவண்டு உட்கார்ந்திருப்பார். பின்சென்ட் தன் இடத்தைவிட்டு எழுந்து, நடுவில் இருக்கும் ஃபாஸ்டரின் மேலே ஏறித் தாண்டி வந்து ரெட்கிரேவைக் கட்டிப்பிடிப்பார், பிறகு தண்ணீரில் விழுவார். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி, நான்கு பேரின் பெயரையும் மகளைச் சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்.