மரச் சர்ச் 800 வருஷம் நிக்குமா?

கே: நார்வேல போர்குண்ட்னு ஒரு மரச் சர்ச் போட்டோ பார்த்தேன் சார், 800 வருஷத்துக்கு மேல பழசாமே, பனியும் மழையும் கொட்டுற ஊர்ல எப்படி உளுத்துப்போகாம இருக்கு?

ப: விஷயம் அடியில இருக்குங்க. போர்குண்டுக்கு முன்னாடியெல்லாம் தூணை மண்ணுக்குள்ள நட்டுதான் சர்ச் கட்டினாங்க, ஈரம் ஏறி அடி அழுகிப்போச்சு. போர்குண்டை 1180 வாக்குல கட்டினப்போ கல் அஸ்திவாரம் போட்டு, அது மேல கனமான உத்தரத்தைப் படுக்கவச்சு, அதுலதான் தூணை நிறுத்தினாங்க, மரம் மண்ணைத் தொடவே இல்ல. மேல தார் பூசிட்டே வர்றாங்க, அதான் அந்தக் கருப்பு. கூரை நுனியில வாயைப் பொளந்துட்டு நிக்கிற டிராகன் தலைங்க இருக்கே, எனக்கு அதுமேல தனிப் பிரியம். இந்த மாதிரி சர்ச் நார்வேல ஒரு காலத்துல ஆயிரம்கூட இருந்திருக்கும்னு கணிக்கிறாங்க, இப்ப மிச்சம் 28தான், நினைச்சாலே மனசு கனக்குது.