சாண்டிலி வெள்ளி செட்: கத்தியையும் சேர்த்து எடை போடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறோம். வீட்டைக் காலி செய்கிறவர்கள் போட்ட விற்பனையில் கோர்ஹாம் நிறுவனத்தின் 'சாண்டிலி' டிசைன் ஸ்டெர்லிங் (92.5 சதவீதம் சுத்தமான) வெள்ளி செட் பார்த்தேன். ஸ்பூன், ஃபோர்க், கத்தி எல்லாம் எட்டெட்டு. "1895-ஆம் வருடத்துச் சாமான், இனி கிடைக்காது" என்று சொல்லி, மொத்த எடைக்கும் வெள்ளி விலை போட்டு, அதற்கு மேலும் கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: டிசைன் அருமையானது. விலை போட்ட கணக்குதான் சரியில்லை.

1895 அந்த டிசைன் வெளிவந்த வருடம். உங்கள் ஸ்பூன் அதற்கு எத்தனையோ வருடம் கழித்துச் செய்ததாக இருக்கலாம். ரோட் ஐலண்டில் பிராவிடன்ஸ் நகரத்து கோர்ஹாமுக்கு இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்த வில்லியம் காட்மேன் வரைந்தது இது. பெயர் பிரான்சில் உள்ள சாண்டிலி என்ற ஊருடையது. பாணி 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ரோகோகோ, அதாவது சுருள் சுருளான அலங்கார வேலை நிறைந்த பாணி. ஆனால் ரோகோகோவின் நெரிசல் இதில் கிடையாது. சுருள் வேலையெல்லாம் கைப்பிடியின் ஓரத்தோடு ஓடி நுனியில் போய் விரியும். நடுப்பகுதி வழவழவென்று வெறுமையாக இருக்கும். எந்தப் பீங்கான் தட்டோடும் பொருந்திப் போகும். அதனால்தான் நூறு வருடம் தாண்டியும் விற்றது. இவ்வளவு புழங்கிய சாமானை அபூர்வம் என்பது கொஞ்சம் ஓவர். உங்களுக்கு அது வசதியும்கூட: ஒரு ஃபோர்க் தொலைந்தால் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

பின்பக்கம் 'ஸ்டெர்லிங்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய உருப்படிகளில் சிங்கம், நங்கூரம், 'ஜி' எழுத்து மூன்றும் இருக்கும். சிங்கமும் நங்கூரமும் இங்கிலாந்தின் பர்மிங்காம் முத்திரையிலும் உண்டு என்பதால் சிலர் இதை ஆங்கிலேய வெள்ளி என்று நம்பி ஏமாறுவார்கள்.

இனி எடை. ஸ்பூனும் ஃபோர்க்கும் முழுக்க 92.5 வெள்ளி, கிலோவுக்கு 925 கிராம் சுத்த வெள்ளி. கத்தி அப்படியல்ல. கைப்பிடி மெல்லிய வெள்ளிக் கூடு. உள்ளே பிசினோ சிமென்டோ அடைத்திருப்பார்கள். அலகு பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். தராசில் கனமாக நிற்கும், ஆனால் அதில் வெள்ளி கொஞ்சம்தான். கத்திகளை எடுத்து வைத்துவிட்டு மற்றதை மட்டும் எடை போடச் சொல்லுங்கள். கத்திக்குத் தனி விலை பேசுங்கள்.

கைப்பிடியில் யாருடைய பெயர் எழுத்தாவது பொறித்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அப்புறம், வாங்கினால் கத்திகளை வெந்நீரில் ஊறப்போடாதீர்கள். அடைப்பு இளகி அலகு கழன்றுவிடும்.