மகள் மூளைத் திசு ஆய்வுக்குப் போகலாமா? குடியாத்தம் தந்தைக்குப் பதில்

ஐயா, உங்கள் மகள் பி.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்துவிட்டு, இறந்தவர் மூளையில் நொதி (என்சைம்) அளக்கும் ஆய்வுக்குப் போக ஆசைப்படுகிறார். பிணவறையில் நிற்க வேண்டுமே என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். மூளையை எடுப்பது நோயியல் மருத்துவரின் பொறுப்பு. குடும்பத்தாரின் ஒப்புதலோடு பெற்று, மைனஸ் 80 டிகிரியில் உறையவைத்த 100 மில்லிகிராம் துண்டுதான் ஆய்வகத்துக்கு வரும். பெங்களூருவில் மனநலம், நரம்பியலுக்கான நிறுவனமான நிம்ஹான்ஸில் இதற்கென்றே திசு வங்கி உண்டு. காட்பாடியில் ரயில் ஏறினால் போய்விடலாம்.

வேலையில் கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினை உடைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியையே எடுத்துக்கொள்ளுங்கள். துண்டை உருகவிடாமல் எடைபோட்டு, அதைப்போல் பத்து மடங்கு அளவு குளிர்ந்த பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்), ஐஸ் மேல் வைத்தே அரைக்க வேண்டும். இந்த நொதியில் பெரும்பகுதி செல் சவ்வில் ஒட்டியிருக்கும்; டிரைட்டான் என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்க்காவிட்டால் அது வண்டலோடு போய்விடும். சேர்த்தாலோ, நொதி அளவை ஒப்பிடத் தேவையான மொத்தப் புரத அளவு, பிராட்ஃபோர்டு என்ற சாய முறையில் தப்பாக வரும். அப்போது பி.சி.ஏ. என்ற இன்னொரு புரத அளவீட்டு முறைதான் கைகொடுக்கும். சோதனைக்காகச் சேர்க்கும் அசிட்டைல்தயோகோலினை நொதி உடைக்க, டி.டி.என்.பி. என்ற நிறம் காட்டும் வேதிப்பொருள் மஞ்சளாகும், அதை 412 நானோமீட்டரில் நிமிடத்துக்கு நிமிடம் படிக்க வேண்டும். திசுவில் மிஞ்சிய ரத்தமும் அதே இடத்தில் ஒளியை உறிஞ்சும். திசுவிலுள்ள தயோல்களும் (கந்தகம் கொண்ட சேர்மங்கள்) டி.டி.என்.பி.யோடு சேர்ந்து நிறம் தரும். அதனால் டி.டி.என்.பி. விட்டு, அளவு நிலைக்கும்வரை பொறுத்துத்தான் அசிட்டைல்தயோகோலினைச் சேர்க்க வேண்டும்.

அளவு சரியாக வந்தாலும் அர்த்தம் தவறலாம். பல நாள் மூச்சுத்திணறிக் கிடந்தவர் மூளையில் பி.எச். (அமில-கார அளவு) இறங்கியிருக்கும், குளூட்டமேட் டிகார்பாக்சிலேஸ் போன்ற நொதிகள் அதிலேயே குறைந்துவிடும். அவரை விபத்தில் உடனே இறந்தவரோடு ஒப்பிட்டு, குறைவுக்கு நோய்தான் காரணம் என்று எழுதினால் அது பொய்யான முடிவு. இறந்து எத்தனை மணி நேரத்தில் உறையவைத்தார்கள், வயது, திசுவின் பி.எச். மூன்றும் குறிப்பேட்டில் இருந்தே ஆக வேண்டும். கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்ட மூளை இந்த அளவீட்டுக்கு உதவாது.

இந்தப் பொறுமை மகளுக்கு இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடலாம். இறைச்சிக் கடையில் ஆட்டு மூளை வாங்கி, கல்லூரி ஆய்வகத்தில் பேராசிரியர் துணையோடு, ஒரு பாதியை உடனே ஐஸிலும் மறுபாதியை ஆறு மணி நேரம் வெளியிலும் வைத்து அளக்கச் சொல்லுங்கள். இந்த நொதி உறுதியானது, பெரிய வித்தியாசம் வராமலும் போகலாம். அப்போது வந்த எண்ணை வந்தபடியே எழுதுகிறாரா என்று பாருங்கள். நான் பெரிதாக மதிப்பது அந்த நேர்மையைத்தான்.

எம்.எஸ்சி.க்கு வேலூரை விட்டுப் போக வேண்டியதில்லை. பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் நிலை) பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. நிரந்தர வேலைக்குப் பிஎச்.டி. தேவை, ஆண்டுகள் பிடிக்கும்; அதை மறைக்க மாட்டேன். ஆனால் நொதி அளக்கத் தெரிந்தவரை மருத்துவமனை ஆய்வகமும் மருந்து நிறுவனமும் எடுத்துக்கொள்ளும்.

மகளின் பாதுகாப்புக்கு ஒன்று: ரத்தம் வழியே பரவும் கல்லீரல் நோயான ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி மூன்று தவணை. முதல் ஊசியிலிருந்து ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறு மாதத்தில் மூன்றாவது. மனிதத் திசுவைத் தொடுமுன் முடிந்திருக்க வேண்டும் என்பதால் இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.